சர்வர்! ஒரு தோடி!

ஓட்டலில் போய் உட்கார்ந்து, "சர்வர்! ஒரு காபி!" என்று கூப்பிடுகிறோம். கால் மணி நேரம் ஆகியும் காபி வரவில்லை. காரணம் என்ன? சமையற்கட்டில் பால் தீர்ந்து போயிருக்கலாம். சர்வர் தூணில் சாய்ந்து கொண்டு தூங்கலாம். வருகிற வழியில் கூட்டம் நெருக்கியடிக்கலாம். அல்லது காபி சரியாக வந்து, நாம் மேஜை மாறி உட்கார்ந்திருக்கலாம். இந்த நாலில் எது என்று பார்க்காமல் கல்லாவில் இருக்கும் முதலாளியிடம் சண்டைக்குப் போய் என்ன பிரயோஜனம்?

இப்போதெல்லாம் பல வீடுகளில் இன்னொரு விதமான சர்வர் உத்தியோகம் பார்க்கிறது. தோளில் துண்டு கிடையாது; சம்பளமும் கேட்பதில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. பக்கத்தில் ஒரு ஹார்டு டிஸ்க். வீட்டிலுள்ள குறுந்தகடு, காஸெட் சங்கீதம் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்துக் கொண்டு, கூடமோ, சமையலறையோ, மாடி அறையோ, எங்கே கேட்டாலும் அங்கே கொண்டு போய்க் கொடுப்பது இதன் வேலை. காலையில் ரசம் கொதிக்கும்போது சமையலறையில் தோடி. மத்தியானம் கூடத்தில் பழைய சினிமாப் பாட்டு. இரவு படுக்கையறையில் வீணை. இசை சர்வர் என்று இதற்குப் பெயர்.

பாடுகிற வரையில் பேஷாகத்தான் பாடும். ஒரு நாள் பாட்டு நின்று போகிறது, பாருங்கள், அன்றைக்குத்தான் வீட்டில் ஒருவருக்கும் அதன் சூட்சுமம் தெரியாது என்பது தெரிய வருகிறது! பெட்டியைப் பொருத்திக் கொடுத்த பிள்ளை பெங்களூரிலோ பாஸ்டனிலோ இருப்பான். போனில் கூப்பிட்டால், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்பான். அதற்கும் மசியாவிட்டால், "தீபாவளிக்கு வரும்போது பார்க்கிறேன்." தீபாவளி வரையில் தோடி கிடையாது.

முன்பு ரேடியோப் பெட்டி கொர்ரென்றால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பாதி நாள் அதிலேயே குணமாகி விடும். இந்தச் சர்வரிடம் தட்டு செல்லாது. ஆனால், ரசம் ஏன் புளிக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பிரமாதமில்லை. புளி ஜாஸ்தியா, உப்புக் கம்மியா, தண்ணீர் போதவில்லையா என்று ஒவ்வொன்றாகத்தானே பார்க்கிறோம்?

முதலில் பெட்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய கம்பெனி தொடங்கியது. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை வேறு அறையில் கேட்பதற்கென்று ஒரு பெட்டியும், பாட்டை அனுப்பி வைக்க ஒரு சர்வர் மென்பொருளும் செய்தார்கள். பின்னால் வந்த பெட்டிகளுக்கு ஸ்குவீஸ்பாக்ஸ் என்று பெயர். 2006-ல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2012-ல் பெட்டி செய்வதை நிறுத்தி விட்டது. ஆனால் மென்பொருள் சாகவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக் கொள்ளலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருந்ததால், பல தேசத்து ஆர்வலர்கள் கூலி வாங்காமல் அதைப் போஷித்து வந்தார்கள். 2024-ல் அதற்கு லிரியன் மியூசிக் சர்வர் என்று புதுப் பெயர் சூட்டினார்கள். ராஸ்பெர்ரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரில் இதை ஏற்றி, ஒரு டிஸ்க்கையும் மாட்டி விட்டால் சர்வர் தயார். ஜெல்லிஃபின், நாவிட்ரோம் என்று வேறு சில மென்பொருள்களும் உண்டு. எதை வைத்திருந்தாலும் வியாதிகள் பெரும்பாலும் ஒன்றே.

அதே 2024-ல் பழைய பெட்டிக்காரர்கள் பலருக்கு ஒரு திகில் நேர்ந்தது. ஸ்குவீஸ்பாக்ஸுக்காக லாஜிடெக் நடத்தி வந்த இன்டர்நெட் சேவை அந்த வருஷம் மூடப்பட்டது. அதையே நம்பி வானொலி கேட்டுக் கொண்டிருந்த பெட்டிகள் திடீரென்று ஊமையாயின. பெட்டி கெட்டு விட்டது என்று சிலர் பரணில் போட்டு விட்டார்கள். அப்படிப் போட்டவர்கள் தயவு செய்து இறக்கிப் பாருங்கள். வீட்டிலேயே ஒரு லிரியன் சர்வரை வைத்து, பெட்டியின் மெனுவில் அந்தச் சர்வரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பெட்டி மறுபடி வாய் திறக்கும்.

ஒரு பாட்டா, எல்லாப் பாட்டுமா?

பாட்டு நின்றவுடன் எந்த ஒயரையும் பிடுங்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். நின்றது ஒரு பாட்டா, எல்லாப் பாட்டுமா? நின்றது ஓர் அறையிலா, எல்லா அறையிலுமா?

ஒரே ஒரு பாட்டு எந்த அறையில் போட்டாலும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தால், கோளாறு அந்தப் பாட்டின் கோப்பில் இருக்கிறது. குறுந்தகட்டிலிருந்து எடுக்கும்போதே கீறல் விழுந்த இடமாக இருக்கும். தகடு இருந்தால் துடைத்து, மறுபடி எடுத்தால் தீர்ந்தது. எல்லாப் பாட்டும் ஓர் அறையில் மட்டும் தடுமாறினால், அந்த அறைப் பெட்டியையோ, அந்த அறை வரைக்கும் போகிற வழியையோ சந்தேகிக்க வேண்டும். எல்லா அறையிலும் எல்லாப் பாட்டும் நின்று விட்டால், சர்வர், ரூட்டர், மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்று. பத்தில் ஒன்பது கோளாறு எங்கே என்பது இந்த இரண்டு கேள்வியிலேயே பிடிபட்டு விடும்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இன்டர்நெட் வானொலி மட்டும் நின்று, சொந்தப் பாட்டுக்கள் ஓடுகின்றனவா? அப்படியானால் வீட்டில் ஒரு குறையும் இல்லை; வெளியே இருந்து வருகிற இன்டர்நெட் போய் விட்டது, அவ்வளவுதான். இதைப் பலர் அறிவதில்லை. சர்வரிலுள்ள பாட்டு வீட்டை விட்டு வெளியே போவதே கிடையாது. அலமாரியிலிருந்து ரூட்டருக்கும், ரூட்டரிலிருந்து கூடத்துக்கும் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது. மழையில் தெருக் கேபிள் அறுந்து ஊரெல்லாம் இன்டர்நெட் இல்லாமல் தவிக்கும் அன்றைக்கும், ரூட்டருக்கு மின்சாரம் இருந்தால் உங்கள் வீட்டில் தோடி கேட்கலாம்.

ஆகவே, பாட்டு விட்டு விட்டு வருகிறதே என்று மாதச் சந்தாவை உயர்த்தி, 100 வேகத்திலிருந்து 300 வேகத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. கணக்குப் பாருங்கள். குறுந்தகட்டுச் சங்கீதம் ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள். மாதிரி ஒன்றுக்கு 16 பிட். இடது, வலது என்று இரண்டு பக்கம். பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட். அதாவது ஒன்றரை மெகாபிட் கூட இல்லை. ஃப்ளாக் என்ற முறையில் சுருக்கி வைத்தால், தரம் லவலேசமும் குறையாமல் சுமார் பாதியாகி விடும். எம்.பி.3 ஆனால் இன்னும் சொற்பம். மிகச் சாதாரண வைஃபைக்கும் இது கால் தூசு.

அப்படியானால் ஏன் தடைப்படுகிறது? சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மாடித் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தாலும், விடாமல் வந்தால் தொட்டி காலியாகாது. பிரமாதமாகப் பீய்ச்சியடித்து விட்டு அரை மணி நின்று போனால், சோப்புப் போட்ட கையோடு நிற்க வேண்டியதுதான். ஒவ்வோர் அறையிலுள்ள பெட்டிக்குள்ளும் இப்படி ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. சில வினாடிப் பாட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக் கொள்ளும். வழியில் அதைவிட நீளமான தடங்கல் ஏற்பட்டால்தான் பாட்டு அறும். சங்கீதத்துக்கு வேகம் முக்கியமில்லை. அறாமல் வருவதுதான் முக்கியம்.

பீரோவும் மைக்ரோவேவும்

வழியில் தடங்கல் செய்பவர்கள் யார்? நம் வீட்டுச் சாமான்களே.

ரேடியோவில் மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று இருந்தாற் போல வைஃபையிலும் முக்கியமாக இரண்டு வரிசை உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. முதலாவது சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் அதே வரிசையில்தான் புளூடூத்தும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கின்றன. சமையலறையில் மட்டும் பாட்டு அறுகிறது, அதுவும் அப்பளம் சுடுகிற இரண்டு நிமிஷம் மட்டும் அறுகிறது என்றால் குற்றவாளி யார் என்று சொல்லவா வேண்டும்? 5 கிகாஹெர்ட்ஸில் இந்த உபத்திரவம் இல்லை. ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் அது மூச்சு வாங்கும்.

ரூட்டரை நம் வீடுகளில் வைக்கிற இடத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பார்க்க அழகாக இல்லை என்று டெலிவிஷனுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். இரும்புப் பீரோவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைப்பார்கள். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். இரும்பு, தண்ணீர், கம்பி கட்டிய கான்கிரீட் மூன்றும் வைஃபைக்குச் சத்துருக்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ரூட்டரை வைத்தால் பாதி வழக்கு தள்ளுபடியாகி விடும்.

அடுக்கு மாடிக் குடியிருப்பில் இன்னொரு சங்கடம். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் 2.4 வரிசையில் ஒரே சமயத்தில் பேசுகின்றன. சாயங்காலம் 7 மணிக்கு மேல் பாட்டு தடுமாறி, விடியற்காலையில் சுகமாக ஓடினால் இதுதான் விஷயம். ரூட்டர் அமைப்பில் சானல் என்று ஒன்று இருக்கும். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காதவை. பக்கத்து வீட்டார் எதில் கூடியிருக்கிறார்கள் என்பதை வைஃபை பார்க்கும் இலவசச் செயலிகளில் பார்த்து, ஆளில்லாத சானலுக்கு மாறிக் கொள்ளலாம்.

சந்தேகமறத் தீர்ப்புச் சொல்ல ஒரு பரீட்சை இருக்கிறது. எலக்ட்ரானிக் கடையில் நீளமான நெட்வொர்க் கேபிள் ஒன்று வாங்கி, சர்வரை ரூட்டரோடு நேரே இணைத்து விடுங்கள். முடிந்தால் பாடுகிற பெட்டியையும் அப்படியே இணையுங்கள். இப்போது பாட்டு அறாமல் வந்தால் குற்றம் வைஃபையினுடையது. அப்போதும் அறுந்தால் வைஃபை நிரபராதி. பரீட்சை முடிந்த பிறகும் சர்வருக்குப் போகிற ஒயரை எடுக்க வேண்டாம். சர்வர் எங்கும் நகர்வதில்லை. அதை வைஃபையில் விட்டு வைப்பது வீண் வம்பு. ஒயர் 100 மீட்டர் வரையில் போகலாம். எந்த வீட்டுக்கும் போதும்.

கண் முன்னே இருந்தும் தெரியவில்லை

"பெட்டியில் விளக்கு எரிகிறது, சர்வரிலும் விளக்கு எரிகிறது. ஆனால் 'சர்வர் காணவில்லை' என்கிறதே!" இது அடுத்த ரகம்.

ரூட்டரை ஒரு லாட்ஜ் மானேஜர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அறை எண் கொடுப்பார். 192.168.1.15 என்பது போல இருக்கும் அந்த எண். மின்சாரம் போய் வந்தால் எல்லாரும் வெளியேறி மறுபடி வரிசையில் வந்து நிற்கிறார்கள். போன தடவை 15-ஆம் அறையில் இருந்த சர்வருக்கு இப்போது 22 கிடைக்கலாம். நம் டெலிபோனோ பழைய 15-ஆம் அறைக் கதவையே தட்டிக் கொண்டிருக்கும். மின்தடைக்குப் பிறகு சர்வர் காணாமற் போகும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ரூட்டர் அமைப்பில், "இந்தச் சர்வருக்கு என்றைக்கும் இதே எண்" என்று ஒதுக்கி வைக்க வசதி உண்டு. ஒரு தடவை செய்தால் போதும். லிரியனுக்கு அந்த எண்ணோடு கோலன் போட்டு 9000 என்று கம்ப்யூட்டரில் தட்டினால் அதன் பக்கம் திறக்க வேண்டும். திறந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது. வழிதான் தப்பி விட்டது.

இன்னொன்று, நம் ஊரில் சர்வ சாதாரணம். இன்டர்நெட் கம்பெனிக்காரர் ஒரு ரூட்டரை மாட்டிவிட்டுப் போகிறார். மாடியில் எட்டவில்லையென்று நாம் இன்னொன்றை வாங்கி மாட்டுகிறோம். இரண்டும் தனித்தனி மானேஜர்களாக உட்கார்ந்து கொண்டு, ஒருவர் 192.168.0 என்றும், மற்றவர் 192.168.1 என்றும் எண் கொடுக்கத் தொடங்குகிறார்கள். கீழே இருக்கிற சர்வர் ஒரு லாட்ஜில். மாடிப் பெட்டி வேறு லாட்ஜில். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. இரண்டாவது ரூட்டரை 'அக்ஸஸ் பாயின்ட்' என்ற நிலைக்கு மாற்றி விட்டால், அது அறை எண் கொடுப்பதை விட்டு விட்டு வெறும் கதவாக நிற்கும். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். அதில் சேர்ந்த டெலிபோனுக்கு வீட்டுச் சாமான் எதுவும் தென்படாது. தென்படக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது.

டெலிபோனையே பாடும் பெட்டியாக உபயோகிக்கிறீர்களா? திரை அணைந்த சில நிமிஷத்தில் பாட்டு நிற்கிறதா? அது நெட்வொர்க் அல்ல. பாட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று டெலிபோன் அந்தச் செயலியைத் தூங்க வைத்து விடுகிறது. அமைப்பில் அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்து விடுங்கள்.

மாம்பலத்தில் நடந்தது

இதுவரை சொன்னதெல்லாம் பாட்டு வரும் வழியைப் பற்றி. வழியில் என்ன நேர்ந்தாலும் பாட்டுக்கு ஆபத்தில்லை. ஆபத்து, பாட்டு இருக்கிற இடத்தில் கை வைக்கும்போதுதான்.

மேற்கு மாம்பலத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். தொலைபேசி இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருநூறு காஸெட் இருந்தது. அதில் ஒன்று, 1979 நவராத்திரியில் கொலுவின் முன் அவருடைய தாயார் பாடியது. நாலு பாட்டு, நடுவில், "அடுப்பிலே பால் இருக்கு, பாருங்கோடி!" என்று ஒரு வார்த்தை. அந்தத் தாயாரின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. பிள்ளை ஒரு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எல்லாக் காஸெட்டையும் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தான். பூசணம் பிடித்திருந்த காஸெட்டுகளை அதன் பிறகு தூக்கிப் போட்டு விட்டார்கள். கொலுக் காஸெட்டும் அதில் போயிற்று.

போன ஆவணி மாதம் ஒரு நாள் காலை, பாட்டுப் பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. ஆல்பம் 0. பாடகர் 0. "வயிற்றில் நெருப்பை வாரிக் கொட்டினாற் போல இருந்தது, அம்மா" என்றார் நம்மிடம்.

எதிர் வீட்டுக் கல்லூரி மாணவன் நல்ல பையன். டிஸ்க்கைக் கழற்றித் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினான். உடனே ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

"சரின்னு குடுத்துடலாமா, ஆன்ட்டி?"

"ஃபார்மட்னா என்னப்பா?"

"டிஸ்க்கைச் சுத்தம் பண்றது."

"சுத்தம்னா பெருக்கறதா, கழுவி ஊத்தறதா?"

பையன் ஒரு நிமிஷம் யோசித்தான். "கழுவி ஊத்தறதுதான்" என்றான். அம்மாள் ஒயரைப் பிடுங்கி விட்டார்.

அந்தக் கேள்வியின் மர்மத்தை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இம்மாதிரி சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ் என்ற முறையில் இயங்குகின்றன. அவற்றின் டிஸ்க்கை அநேகமாக அந்த முறைப்படிதான் அடுக்கி வைத்திருப்பார்கள். விண்டோஸுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. தனக்கு வாசிக்கத் தெரியாததை வெற்றுத்தாள் என்று நினைத்துக் கொண்டு, 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்கிறது. டிஸ்க் பரிபூர்ண ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே அப்படித்தான் கேட்கும்! சரி என்று ஒரு தட்டுத் தட்டினால், இருநூறு காஸெட்டும் கொலுப் பாட்டும் அந்தக் க்ஷணமே போய் விடும். மீட்டுத் தருகிறேன் என்பவர்கள் உண்டு. மீளும் என்று நிச்சயம் கிடையாது.

அப்புறம் என்ன ஆயிற்று? "லைனில் கோளாறு என்றால் நாங்கள் நடுவில் தோண்ட மாட்டோம், முனையிலிருந்துதான் சோதித்துக் கொண்டு வருவோம்" என்றார் அந்த அம்மாள். அப்படியே வந்தார். டிஸ்க்கை மறுபடி சர்வரில் மாட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். சுழலுகிற 'உம்' சத்தம் இல்லை. 'டிக், டிக்' என்று திணறல்தான். முதல் நாள் அடாப்டர் சூடாகி எரிந்து விட்டதென்று பேரன் ஒரு பழைய டெலிபோன் சார்ஜரைச் செருகியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டின் முதுகிலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழையது 5 வோல்ட், 3 ஆம்பியர். புதியது 5 வோல்ட், 1 ஆம்பியர். சர்வர் கண் விழிப்பதற்கு அது போதும். டிஸ்க்கைச் சுழற்றப் போதவில்லை. விடியற்காலை வழக்கப்படி சர்வர் பாட்டுக்களைக் கணக்கெடுக்கப் போயிருக்கிறது. டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. 'ஒன்றும் இல்லை' என்று நேர்மையாக எழுதிக் கொண்டு விட்டது.

லைப்ரரியில் காட்லாக் தொலைந்தால் அலமாரியில் உள்ள புத்தகம் தொலைந்ததாகுமா? சரியான அடாப்டர் வந்தது. சர்வரை முறைப்படி அணைத்து மறுபடி தொடங்கி, 'பாட்டுக்களை மீண்டும் தேடு' என்று உத்தரவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பாலும், அடுப்பும் உட்பட.

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள். தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவே தொண்டை அடைத்தாற் போல ஒரு கணம் மௌனம் வருகிறதா? குறுந்தகட்டில் ஒரே கச்சேரி உருப்படியை மூன்று நாலு துண்டாகப் பிரித்திருப்பார்கள். எம்.பி.3 ஆக்கும்போது ஒவ்வொரு துண்டின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக் கொள்கிறது. ஃப்ளாக்கில் இது இல்லை. பிரித்தெடுப்பதானால் ஃப்ளாக்கில் எடுங்கள். கூடத்திலும் சமையலறையிலும் ஒரே பாட்டைப் போட்டால் எதிரொலி மாதிரி முன்பின்னாகக் கேட்கிறதா? இரண்டு பெட்டியையும் சர்வரில் 'ஸிங்க்' என்று ஜோடி சேர்க்க வேண்டும். அப்படியும் பிந்துகிற பெட்டிக்கு வினாடியில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று திருத்தம் கொடுக்க லிரியனில் இடம் உண்டு. தமிழில் எழுதிய பாட்டுப் பெயர்கள் கேள்விக்குறியாகவோ, கிறுக்கலாகவோ தெரிந்தால் அவை யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்தவை. பெயரை மட்டும் திரும்ப எழுதினால் போதும், பாட்டைத் தொட வேண்டாம். தோடியை ஒரு குறுந்தகட்டில் 'டி'யில் ஆரம்பித்தும், இன்னொன்றில் 'டி', 'ஹெச்' போட்டும் ஆங்கிலத்தில் எழுதி வைத்து, சர்வர் அவற்றை இரண்டு ராகமாகப் பிரித்துக் காட்டுகிறது என்று கோபிப்பது நியாயமில்லை. அதற்குச் சங்கீத ஞானம் கிடையாது!

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வர் ஓடிக் கொண்டிருக்கும்போது சுவிட்சை 'பட்'டென்று அணைக்காதீர்கள். அதன் மூளை ஒரு சின்ன மெமரி கார்டில் இருக்கிறது; எழுதிக் கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டுப் போகக் கூடும். முதலில் முறைப்படி அணைத்து விட்டு, அப்புறம்தான் சுவிட்சைத் தொட வேண்டும். அடிக்கடி மின்தடை ஏற்படும் பேட்டையானால் ரூட்டரையும் சர்வரையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுவது உசிதம்.

நகல் எடுக்கிற காரியத்தை மட்டும் தீபாவளிக்கு வருகிற பிள்ளைக்காகத் தள்ளிப் போடாதீர்கள். இருநூறு காஸெட் என்பது பெரிய சமாசாரமாகத் தோன்றும். 90 நிமிஷக் காஸெட் ஒன்று ஃப்ளாக்கில் சுமார் அரை ஜிகாபைட். இருநூறும் சேர்ந்து 100 ஜிகாபைட். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹார்டு டிஸ்க்கில் இது ஒரு மூலையில் அடங்கி விடும். இரண்டாவது டிஸ்க்கை ஒயர் மூலமாக நேரே இணைத்து நகல் எடுத்தால் அநேகமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து விடும். வைஃபை வழியாக எடுத்தால் ராத்திரி முழுவதும் கூட ஆகலாம். எடுத்து முடித்ததும் நகலிலிருந்து இரண்டு மூன்று பாட்டை முழுவதும் போட்டுக் கேளுங்கள். பிறகு டிஸ்க்கின் மேல், 'பாட்டு நகல். ஃபார்மட் செய்யக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டுங்கள். அதை உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம். அக்கா வீட்டுப் பீரோவில் வையுங்கள்.

மாம்பலத்து அம்மாள் இப்போது அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். சர்வரின் எண், ரூட்டரின் பாஸ்வேர்டு, எந்த அடாப்டர் எந்தப் பெட்டிக்கு, எத்தனை ஆம்பியர், நகல் யார் வீட்டில், கடைசியாக எடுத்தது எந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. நாம் போன அன்று பிள்ளை பெங்களூரிலிருந்து பேசினான். அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துத் தனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லிக் கொண்டிருந்தான்.